கிளர்ச்சியாளர் யார், பயங்கரவாதி யார்?

இரண்டாம் உலகப் போரின்போது மலாயாக் காடுகளில் பிரிட்டனோடு சேர்ந்து ஜப்பானியரை எதிர்த்தவர் சின் பெங். அதற்காக பிரிட்டன் அவருக்கு ஓ.பி.இ. விருது அறிவித்தது. 1948இல் அதே சின் பெங் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக மறுபடி காட்டுக்குள் போனார். இந்த முறை எதிரி பிரிட்டன். விருது பறிபோனது, தலைக்கு விலை வந்தது. அவருடைய ஆட்களைக் காலனி அரசு முதலில் 'கொள்ளையர்' என்றது. 1952இல் அதை மாற்றி, இனி 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்' என்றே சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தது. 'கிளர்ச்சியாளர்' என்ற பேச்சே கூடாது, அப்படிச் சொன்னால் இது உண்மையான மக்கள் எழுச்சி என்று உலகம் நினைத்துவிடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். நடந்ததைப் போர் என்றும் சொல்லவில்லை. 1960 வரை 12 ஆண்டுகளும் அது 'அவசரநிலை'தான். உள்நாட்டுப் போர் என்று ஒப்புக்கொண்டால் ரப்பர் தோட்டங்களுக்கும் வெள்ளீயச் சுரங்கங்களுக்கும் லண்டன் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தராது என்பது அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

அறிக்கைகளில் சொன்னது இது. களத்தில் செய்தது வேறு. 1950இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஹெரால்ட் பிரிக்ஸ் போட்ட திட்டப்படி, காட்டோரங்களில் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேரை முள்வேலி போட்ட 'புதுக் கிராமங்'களுக்கு மாற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். கடையில் டின் உணவு விற்றால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், அதைக் காட்டுக்கு அனுப்பிச் சேர்த்து வைக்க முடியாதபடி. சில பகுதிகளில் அரிசியாகவே தரவில்லை. பொதுச் சமையலறையில் சோறாக வடித்துக் கொடுத்தார்கள். சோறு மறுநாளே ஊசிவிடும் அல்லவா? எதிரில் இருப்பது வெறும் குண்டு வைக்கும் கும்பல் என்று உண்மையாகவே நம்பியிருந்தால் இத்தனை பாடு தேவையில்லை, உளவுத்துறையும் போலீசும் போதும். ஊர் மக்களிடமிருந்து அரிசியும் மருந்தும் தகவலும் போகிறது என்று தெரிந்ததால்தான் ஊரையே பெயர்த்து வைத்தார்கள். பயங்கரவாதிகள் என்று அழைத்தவர்களைக் கிளர்ச்சியாளர்களாக நடத்தித்தான் தோற்கடித்தார்கள்.

பெயர் சூட்டுவது வெறும் பிரச்சார வேலை என்று நினைக்க வேண்டாம். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த தமிழர் மலாயா கணபதி, துப்பாக்கியோடு பிடிபட்டார். வழக்கு ஆயுதம் வைத்திருந்தது பற்றியதுதான். அவசரநிலை விதிகளில் அதற்கே தூக்கு. இந்திய அரசு தலையிட்டும் பயனில்லாமல், 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

சரி, இரண்டுக்கும் வித்தியாசம்தான் என்ன? ஒரு ஆயுதக் குழுவைக் கிளர்ச்சிப் படை என்று சொல்லும்போது, அது அரசோடு எந்த உறவில் நிற்கிறது என்பதைச் சொல்கிறோம். ஓர் ஆட்சியைக் கவிழ்க்கவோ, ஒரு பகுதியைப் பிரித்தெடுக்கவோ, அந்நிய ஆட்சியை வெளியேற்றவோ அது முயல்கிறது. அதற்கு ஆள் சேர்க்கிறது, நிலம் பிடிக்கிறது, பிடித்த நிலத்தில் வரி வாங்குகிறது, வழக்கு விசாரிக்கிறது. சுருங்கச் சொன்னால், அரசு செய்கிற வேலையைத் தானே செய்து காட்டி, 'இனி நாங்கள்தான் அரசு' என்கிறது. பயங்கரவாதம் என்பது அடிக்கிற முறையைப் பற்றிய பேச்சு. சண்டையில் இல்லாத மக்களைக் குறிவைத்து, அந்தச் சாவைக் காட்டி வேறு யாரையோ மிரட்டுவது அது. செத்தவர் யார் என்பது குண்டு வைத்தவருக்கு முக்கியமே இல்லை. அவர் பேசுவது உயிரோடு இருப்பவர்களிடம், தொலைக்காட்சி பார்ப்பவர்களிடம், பேச்சுவார்த்தை மேசையில் உட்காரப்போகும் அமைச்சரிடம்.

ஒன்று யார் என்பதற்கான பதில், இன்னொன்று எப்படி என்பதற்கான பதில். ஆகவே ஒரே குழு இரண்டாகவும் இருக்கலாம், ஒன்றாக மட்டும் இருக்கலாம். ஒரு பெயர் பொருந்தினால் மற்றது தானாக விழுந்துவிடும் என்று இரண்டு தரப்பு ஆதரவாளர்களும் வாதாடுவதைப் பார்க்கும்போதுதான் எரிச்சலாக இருக்கிறது. 'அவர்கள் விடுதலைக்குப் போராடுகிறார்கள், அதனால் பயங்கரவாதிகள் அல்ல' என்பதும், 'அவர்கள் குண்டு வைத்தார்கள், அதனால் அவர்களுக்குக் கோரிக்கை என்று ஒன்றுமே இல்லை' என்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

இந்த வித்தியாசத்தை ஆயுதம் எடுத்தவர்களே நன்றாகப் புரிந்துவைத்திருந்ததற்கு நெல்சன் மண்டேலா சாட்சி. 1964 ஏப்ரலில் ரிவோனியா வழக்கில் குற்றவாளிக் கூண்டிலிருந்து அவர் பேசியபோது, தங்கள் முன் நான்கு வகை வன்முறை இருந்தது என்றார்: நாசவேலை, கெரில்லாப் போர், பயங்கரவாதம், வெளிப்படையான புரட்சி. நாசவேலையைத் தேர்ந்தெடுத்தோம், ஏனென்றால் அதில் உயிர்ச்சேதம் இல்லை, பிற்காலத்தில் இனங்கள் சேர்ந்து வாழ வழி மிச்சமிருக்கும் என்று விளக்கினார். 1961 டிசம்பர் 16 அன்று அவருடைய உம்கொன்ட்டோ வே சிஸ்வே படை வேலையைத் தொடங்கியபோது, மின்கம்பங்களும் அரசுக் கட்டடங்களும்தான் இலக்கு.

அந்தக் கட்டுப்பாடு கடைசி வரை நின்றதா என்றால், இல்லை. 1983 மே மாதம் பிரிட்டோரியாவின் சர்ச் தெருவில் விமானப்படைத் தலைமையகத்துக்கு வெளியே வெடித்த கார் குண்டில் 19 பேர் செத்தார்கள். தெருவில் போய்க்கொண்டிருந்த சாதாரண மக்களும் அதில் அடக்கம். நிறவெறி ஆட்சி போனபிறகு அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், நிறவெறி மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றது, அதை எதிர்த்த போராட்டம் நியாயமானது என்றது, கூடவே அந்தப் போராட்டத்தில் மண்டேலாவின் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசும் மனித உரிமைகளை மீறியது என்றும் எழுதியது. 1998இல் ஆட்சியில் இருந்த அந்தக் கட்சி, அறிக்கை வெளிவராமல் தடுக்க நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, நடக்கவில்லை. அமெரிக்கா தன் பங்குக்கு வேறொரு கூத்து நடத்தியது. மண்டேலா அதிபராகி ஓய்வும் பெற்றபிறகு, 2008 வரை அவர் பெயர் அந்நாட்டின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் கிடந்தது.

கலப்பில்லாத உதாரணங்கள் இருக்கின்றன, ஆனால் குறைவு. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழு எந்த நிலத்தையும் பிடிக்கவில்லை, எந்த மக்கள் கூட்டமும் அதன் பின்னால் எழுச்சி கொள்ளவில்லை. அதைக் கிளர்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மறுமுனையில் மெக்சிகோவின் சபதிஸ்தாக்கள். 1994 ஜனவரி 1 அன்று சியாபாஸ் மாநிலத்தில் சில ஊர்களைப் பிடித்தார்கள், ராணுவத்தோடு சுமார் 12 நாள் சண்டை, அப்புறம் போர்நிறுத்தம். அதற்குப் பிறகு தங்கள் கிராமங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொண்டு வருகிறார்கள். மக்கள் கூடும் இடத்தில் குண்டு வைப்பது அவர்கள் வழியாக இருந்ததில்லை.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் பெரும்பாலான குழுக்கள் இருக்கின்றன. அல்ஜீரியாவின் தேசிய விடுதலை முன்னணி மலைகளில் பிரெஞ்சு ராணுவத்தோடு மோதிக்கொண்டிருந்த கெரில்லாப் படை. 1956 செப்டம்பர் 30 அன்று அதே முன்னணி தலைநகர் அல்ஜியர்சில் மில்க் பார் என்ற ஐஸ்கிரீம் கடையில் குண்டு வைத்தது. ஏன்? மலையில் நடக்கும் மோதல் பத்திரிகையில் மூலையில் வரும், நகரத்தில் வெடித்தால் பாரிசும் நியூயார்க்கும் திரும்பிப் பார்க்கும். அதற்கு முந்தைய மாதம் அரபு மக்கள் வாழும் கஸ்பா பகுதியில் ஐரோப்பியத் தரப்பு வைத்த குண்டுக்குப் பழிவாங்கலாகவும் அது சொல்லப்பட்டது. பிரெஞ்சு பாராசூட் படை வந்து சித்திரவதையை அன்றாட முறையாக்கி, நகரத்தில் இருந்த அமைப்பை 1957க்குள் உடைத்தது. ஆனால் கிளர்ச்சி சாகவில்லை, 1962இல் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. குண்டு வைக்கும் குழுவைப் பிடித்துவிட்டால் கிளர்ச்சியைப் பிடித்ததாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. இதில் ஒரு வேடிக்கை, நடந்தது போர்தான் என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டப்படி ஒப்புக்கொண்டது 1999இல்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த விவாதம் எங்கே போய் நிற்கும் என்று தெரியும். விடுதலைப் புலிகள் நிலம் வைத்திருந்தார்கள், நீதிமன்றம், காவல்துறை, வைப்பகம் எல்லாம் நடத்தினார்கள், கடற்படை வைத்திருந்தார்கள். எந்த அளவுகோலில் பார்த்தாலும் அது கிளர்ச்சிப் படை. அதே இயக்கம் 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியது, 1991இல் ராஜீவ் காந்தியைக் கொன்றது, 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கி வாசலில் லாரி குண்டை வெடித்து 90 பேருக்கு மேல் சாகடித்தது. அவர்களை முறியடித்த அரசின் கையும் சுத்தமில்லை. 2009இல் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களில் குண்டுகள் விழுந்தன. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் இரு தரப்பின் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகச் சொன்னது.

இந்த இயக்கத்தின் பெயரில் ஐரோப்பாவில் நடந்த ஒரு வழக்கு நம் கேள்வியை நேராகவே தொட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்ததை எதிர்த்த வழக்கு அது. 'இலங்கையில் நடந்தது ஆயுதப் போர், அதற்குப் போர்ச் சட்டம்தான் பொருந்தும், பயங்கரவாதச் சட்டம் பொருந்தாது' என்று புலிகள் தரப்பு வாதாடியது. 2014 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, தடையைத் தொடர்வதற்கான ஆதாரங்களைத் திரட்டிய முறை சரியில்லை என்று அந்த உத்தரவை ரத்து செய்தது. செய்திகளில் இதுதான் பெரிதாக வந்தது. ஆனால் அந்த முக்கிய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. போர் நடக்கிறது என்பதாலேயே பயங்கரவாதச் சட்டம் விலகிவிடாது, இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தலாம் என்றது.

போர்ச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் இன்னும் தெளிவு. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான 3ஆம் பிரிவு உள்நாட்டுப் போருக்கும் சில அடிப்படை விதிகளைப் போடுகிறது: சரணடைந்தவனைக் கொல்லாதே, சித்திரவதை செய்யாதே, பணயக் கைதி பிடிக்காதே. அரசுக்கும் கிளர்ச்சியாளருக்கும் ஒரே விதி. 1977இல் வந்த இரண்டாம் கூடுதல் நெறிமுறை, பொறுப்பான தலைமையும் நிலத்தின் மீது பிடியும் உள்ள படைகளைப் பற்றிப் பேசுகிறது. அதே ஆண்டின் இரண்டு நெறிமுறைகளும், பொதுமக்களிடையே பீதியைப் பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்முறையைத் தடை செய்கின்றன. எந்தத் தரப்பு செய்தாலும் தடைதான்.

இந்த விதியின்படி சர்வதேச நீதிமன்றத்தில் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டவர் ஒரு ராணுவ ஜெனரல். சரஜேவோ நகரத்தைச் சுற்றி வளைத்து, தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றவர்களையும் டிராம் வண்டியில் போனவர்களையும் மறைந்திருந்து சுட்ட போஸ்னிய செர்பியப் படையின் தளபதி ஸ்தானிஸ்லாவ் காலிச். யூகோஸ்லாவியாவுக்கான நீதிமன்றம் 2003இல் பொதுமக்களிடையே பீதி பரப்பிய குற்றத்துக்காகவும் சேர்த்து 20 ஆண்டு கொடுத்தது. 2006இல் மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது. ஒரு நகரத்தைப் பீதியில் வைக்க முகமூடியும் ரகசியக் குழுவும் தேவையில்லை, சீருடையும் சம்பளமும் உள்ள படையே போதும்.

கிளர்ச்சியாளர் என்ற பெயர் கிடைத்துவிட்டால் சட்டத்தில் பெரிய பாதுகாப்பு கிடைத்துவிடும் என்று நினைப்பதும் தவறு. இரண்டு நாடுகளுக்கு இடையிலான போரில் பிடிபட்ட சிப்பாயை, சண்டை போட்டான் என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது. உள்நாட்டுக் கிளர்ச்சியாளருக்கு அந்த உரிமை இல்லை. ராணுவ முகாமைத் தவிர வேறெதையும் தொடாதவராக இருந்தாலும், அவருடைய அரசு அவரைத் தேசத்துரோகி என்று கூண்டில் ஏற்றலாம். ஆனால் சண்டை முடிந்ததும் முடிந்தவரை பரந்த பொதுமன்னிப்பு கொடுங்கள் என்று இரண்டாம் நெறிமுறை அரசுகளைக் கேட்டுக்கொள்கிறது. பொதுமக்களைக் குறிவைத்துக் கொன்ற போர்க்குற்றத்துக்கு இந்த மன்னிப்பு பொருந்தாது என்பதே இன்றைய பொதுவான நிலை.

பயங்கரவாதத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இன்றுவரை இல்லை. 1934இல் மார்செய் நகரில் யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1937இல் சர்வதேச சங்கம், அதாவது ஐ.நா.வுக்கு முன்பு இருந்த உலக அமைப்பு, ஓர் ஒப்பந்தம் தயாரித்தது. அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு நாடு, பிரிட்டிஷ் இந்தியா. புரட்சியாளர்களைப் பயங்கரவாதிகள் என்று சட்டம் போட்டுத் தேடிக்கொண்டிருந்த அரசுக்கு அந்த அவசரம் இருந்ததில் ஆச்சரியமில்லை. 1996இல் சுதந்திர இந்தியா ஐ.நா.வில் ஒரு விரிவான ஒப்பந்தத்தை முன்வைத்தது. அதுவும் முடிவில்லாமல் நிற்கிறது. அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்ப்பவர்களுக்கு விலக்கு வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. அரசுகளின் ராணுவம் செய்வதை இதில் இழுக்காதீர்கள் என்கிறது இன்னொரு தரப்பு.

வரையறை இல்லாவிட்டாலும் பட்டியல்கள் உண்டு, பட்டியலுக்குப் பல் உண்டு. புலிகளுக்கும் துருக்கி அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்த குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்கும் சர்வதேசச் சட்டத்தையும் அமைதி வழிகளையும் சொல்லிக்கொடுக்க விரும்பிய அமெரிக்க அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. அந்தப் பயிற்சிகூட பயங்கரவாதத்துக்குச் செய்யும் உதவிதான் என்று 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோமாலியாவில் இன்னும் மோசம். தெற்குப் பகுதி அல் ஷபாப் என்ற இஸ்லாமியவாத ஆயுதக் குழுவின் கையில் இருந்தது. 2008இல் அமெரிக்கா அதைப் பட்டியலில் சேர்த்தபிறகு, அனுப்பும் உணவில் ஒரு மூட்டை அவர்கள் கைக்குப் போனாலும் வழக்கு வரும் என்று தொண்டு நிறுவனங்கள் தயங்கின. அல் ஷபாப் தானும் பல நிறுவனங்களை விரட்டியது. மழையும் பொய்த்து 2011இல் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் என்பது மதிப்பீடு, பாதிப்பேர் 5 வயதுக்குள் இருந்த குழந்தைகள்.

அதே அமெரிக்கா தனக்குத் தேவைப்படும் இடத்தில் நெகிழ்ந்துகொள்ளும். ஆப்கன் தாலிபான்மீது நிதித் தடைகள் போட்டாலும், வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் முக்கியப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. தாலிபானிடம் பிடிபட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவருக்காக 2014இல் குவாண்டனாமோ சிறையிலிருந்து ஐந்து தாலிபான்களை விடுவித்தார்கள். பயங்கரவாதிகளோடு பேரம் பேசுவதில்லை என்றீர்களே என்று கேட்டபோது, தாலிபான் ஓர் ஆயுதக் கிளர்ச்சி அமைப்பு என்று வெள்ளை மாளிகையின் பேச்சாளர் 2015 ஜனவரியில் பதில் சொன்னார். 2020 பிப்ரவரியில் தோஹாவில் ஒப்பந்தமே போட்டார்கள். இலங்கை அரசும் 2002இல் பேச்சுவார்த்தைக்கு முன் புலிகள் மீதான தடையை நீக்கி, 2009 ஜனவரியில் மறுபடி போட்டது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, 'ஒருவருக்குப் பயங்கரவாதி, இன்னொருவருக்கு விடுதலை வீரர்' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவது சுலபம். அரசுகள் பெயர் வைப்பதைப் பற்றி என்றால் அது சரிதான். செயலைப் பற்றி என்றால் அது சோம்பேறித்தனம். எருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலில் 1946 ஜூலையில் குண்டு வைத்து 91 பேரைக் கொன்ற, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த யூதத் தலைமறைவுப் படையான இர்குனின் தலைவர் மெனகெம் பெகின் பின்னாளில் இஸ்ரேலின் பிரதமரானார், 1978இல் நோபல் அமைதிப் பரிசும் வாங்கினார். அதனால் அந்த 91 சாவுகள் வேறாகிவிடவில்லை.

உண்மையில் சிக்கலான இடம் வேறு. 1983 அக்டோபரில் பெய்ரூட்டில் அமெரிக்க மரைன் படையினர் தூங்கிக்கொண்டிருந்த கட்டடத்தின் மீது குண்டு லாரி மோதி 241 பேர் செத்தார்கள். செத்தவர்கள் ராணுவத்தினர், ஆனால் அமைதிப் படையாக வந்தவர்கள், சண்டையில் இல்லாத நேரம். அமெரிக்கா இதைப் பயங்கரவாதம் என்கிறது. அதன் வெளியுறவுத்துறை ஆயுதம் ஏந்தாத, பணியில் இல்லாத சிப்பாயையும் 'சண்டையில் இல்லாதவர்' கணக்கில் சேர்க்கிறது. போர்ச் சட்டம் அப்படிப் பிரிப்பதில்லை. அதன்படி சிப்பாய் தூங்கினாலும் சிப்பாய்தான். என்னைக் கேட்டால், ராணுவ முகாமும் ஐஸ்கிரீம் கடையும் ஒரே பெயரில் வந்தால் அந்தப் பெயருக்கு வேலையே இல்லாமல் போகும். இதை ஏற்காதவர்கள் நிறையப் பேர்.

இரண்டையும் பிரித்துப் பார்த்து ஒரு நாடு வழக்கே நடத்துகிறது என்பதுதான் கொலம்பியாவைக் கவனிக்க வைப்பது. 1964இல் தொடங்கிய ஃபார்க் படை அரை நூற்றாண்டு போராடி 2016இல் அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஆயுதம் எடுத்ததற்கு, அதாவது கிளர்ச்சி என்ற குற்றத்துக்கு, மன்னிப்பு. ஆள் கடத்தலுக்கும் படுகொலைக்கும் மன்னிப்பு கிடையாது. அவற்றுக்கென்றே ஒரு தனி நீதிமன்றம் அமைத்தார்கள். உண்மையை முழுதாக ஒப்புக்கொண்டால் சிறையில்லாமல் 5 முதல் 8 ஆண்டு கட்டுப்பாடும் பரிகார வேலையும், மறைத்தால் 20 ஆண்டு வரை சிறை. 2021 ஜனவரியில் அந்த நீதிமன்றம் ஃபார்க்கின் முன்னாள் தலைவர்கள் எட்டுப் பேர் மீது, ஆயிரக்கணக்கானவர்களைக் கடத்திப் பிணையாக வைத்ததற்காகப் போர்க்குற்றம் சாட்டியது. அடுத்த மாதம் அதே நீதிமன்றம் ராணுவத்தின் பக்கம் திரும்பியது. 2002க்கும் 2008க்கும் இடையில் குறைந்தது 6,402 பொதுமக்களை ராணுவத்தினர் கொன்று, 'சண்டையில் செத்த கெரில்லாக்கள்' என்று கணக்குக் காட்டினார்கள் என்று அது அறிவித்தது. வேலை தருவதாகச் சொல்லி அழைத்துப்போன ஏழை இளைஞர்களும் அதில் இருந்தார்கள். அமெரிக்கா ஃபார்க்கைத் தன் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து எடுத்தது அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று. ஒப்பந்தத்தை ஏற்காமல் காட்டிலேயே இருந்துவிட்ட ஒரு பிரிவையும், ஏற்றபிறகு மறுபடி ஆயுதம் எடுத்த இன்னொரு பிரிவையும் அதே நாளில் சேர்த்தது.